முன்பள்ளி வாசலில் சீற் நொறுக்கும் விழாவை நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி மயூரதி கேதீஸ்வரன்,
செயலாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
வாடி வீதி, சங்குத்திடல்,
புத்தளம் மாவட்டம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
முகத்துவார வடக்குப் பிரதேச செயலகம்,
புத்தளம் மாவட்டம்.

விடயம்: புயலில் உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை நொறுக்கி வீதிக்குப் போட்டதால் எழும் தூசு பற்றியும், எதிர்வரும் 22ஆம் திகதி தங்கள் தலைமையில் மீதியையும் நொறுக்க இருப்பது பற்றியும்.

மதிப்புக்குரிய ஐயா,

முறைப்பாட்டுக்கு முன் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. சிறந்த டெங்கு ஒழிப்புக் கிராமம் என்று தாங்கள் கையொப்பமிட்டு அனுப்பிய சான்றிதழ் பத்திரமாகக் கிடைத்தது. அதைப் பொதுமண்டபத்தில் மாட்டியிருக்கிறோம். மண்டபத்துக்கு இன்னும் கூரை இல்லாதபடியால் சான்றிதழுக்கு மட்டும் பொலித்தீன் உறை போட்டிருக்கிறோம். அந்தச் சான்றிதழை எங்களுக்கு வாங்கித் தந்த வேலையே இன்று முறைப்பாடாக வந்து நிற்கிறது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

1. கடந்த கார்த்திகை மாதப் புயலில் கடல் எங்கள் மீன்பிடி வாடிகள் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. காற்று மட்டும் வெறுங்கையுடன் போகவில்லை. பொதுமண்டபம், மீன் ஏலக் கொட்டகை, ஊரின் பாதி வீடுகள் ஆகியவற்றின் அஸ்பெஸ்டஸ் தகடுகளைக் கழற்றி ஊரெல்லாம் எறிந்தது. இவற்றை நாங்கள் சீற் என்போம். கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் வீட்டுச் சீற் ஒன்று முழுதாகப் பறந்து போய் அம்மன் கோயில் வாசலில் சாய்ந்து நின்றது. அது சம்மாட்டியார் வைத்த நேர்த்தி என்று இரண்டு நாட்கள் ஊர் நம்பியது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அதற்கு அம்மனுக்கும், நேரத்தோடு எங்களைப் பாடசாலைக்கு அனுப்பிய கிராம உத்தியோகத்தருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

2. வெள்ளம் வற்றிய கையோடு நுளம்பு வந்தது. நுளம்பின் பின்னால், நாங்கள் மாத்தயா என்று அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மல்லாந்து கிடந்த சீற்றுகளின் பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்றது. அதில் நுளம்புக் குடம்பிகள் துள்ளுவதை அவர் ரோச் அடித்துக் காட்டினார். தண்ணீர் தேங்காதபடி இவற்றை அகற்றவோ உடைக்கவோ வேண்டும், தவறினால் வழக்கு என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. அவர் வந்தது நுளம்புக்காக. அகற்றுவதற்கு வாகனம் கேட்டுப் போனோம். வாகனம் வேறிடத்தில் இன்னும் வெள்ளத்துக்குள் நிற்கிறது, தண்ணீர் வற்றினால் அதை எடுக்க இன்னொரு வாகனம் அனுப்ப இருக்கிறோம் என்றார்கள். ஆகவே உடைப்பது மட்டும் எங்களுக்கு மிஞ்சியது.

3. தாங்கள் மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகவில்லை என அறிகிறேன். எனவே எங்கள் ஊர் வேலை செய்யும் விதத்தைச் சிறிது விளக்க வேண்டும். அது தெரியாமல் இந்த மனு விளங்காது.

கரைவலை இழுப்பவர்கள் பாட்டில்லாமல் இழுப்பதில்லை. ஒருவர் அடியெடுத்துப் பாடுவார். கயிற்றைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் ‘ஏலையா ஏலோ’ என்று வாங்கிப் பாடி, அந்த மூச்சிலேயே இழுப்பார்கள். இதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். இந்தப் பழக்கம் வலையோடு நிற்கவில்லை. வள்ளம் தள்ளவும் பாட்டு, தென்னங்குற்றி உருட்டவும் பாட்டு, கல்யாண வீட்டில் சோற்றுக் கிடாரம் இறக்கவும் பாட்டு. சென்ற வருடம் எங்கள் வீட்டுக்குப் பிரிஜ் வந்தபோது அதை வாசற்படி ஏற்றியதும் பாட்டோடுதான். பாட்டு இல்லையென்றால் எங்கள் ஆட்களுக்குக் கை எழும்பாது. ஊரில் அம்பாவுக்கு முதல் ஆள் என் கணவர் கேதீஸ்வரன். மனைவி என்பதால் இதைக் கூட்டிச் சொல்லவில்லை. மனைவி என்பதால் குறைத்தே சொல்கிறேன்.

சிரமதானத்தன்று ஆண்கள் சுத்தியலோடும் பெண்கள் உலக்கையோடும் வந்தோம். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய முகக்கவசங்களைச் சுகாதாரப் பகுதியினர் ஒரு பெட்டி நிறையக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் ஒழுங்காக அணிந்துகொண்டோம். என் கணவர் முதலடி பாடுவதற்காகத் தன்னுடையதைத் தாடைக்கு இறக்கினார். வாங்கிப் பாடுவதற்காக ஊர் முழுவதும் இறக்கியது. அன்று மாலை வரை எங்கள் தாடைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை.

‘கூரை கொண்டு போன காத்தே, நுளம்புக்கா வீடு தந்தாய்’ என்று அவர் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டினார். பின்னேரம் தங்கள் பெயரும் பாட்டில் வந்தது, மரியாதையாகவே வந்தது. அம்பாவின் தாளம் எப்படியென்றால், வேலை விழும் நேரமும் மூச்சை உள்ளே இழுக்கும் நேரமும் அடுத்தடுத்து வரும். சுத்தியல் விழும், வெள்ளைத் தூசு எழும்பும், அந்தக் கணத்தில் ஊர் முழுவதும் வாயைத் திறந்து ஒன்றாக மூச்செடுக்கும். அஸ்பெஸ்டஸ் தூசியை இவ்வளவு ஒற்றுமையாகவும் தாளம் தப்பாமலும் சுவாசித்த ஊர் வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

4. உடைத்ததை எங்கே போடுவது என்ற கேள்வி அடுத்ததாக வந்தது. கடற்கரையிலிருந்து முன்பள்ளிப் பக்கம் போகும் வீதியை வெள்ளம் அரித்துக் குழியாக்கிவிட்டிருந்தது. நொறுக்கிய சீற்றை அந்தக் குழிகளில் கொட்டுவோம் என்று யார் முதலில் சொன்னது என்பது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்போது அதைச் சொன்னது நான்தான், நான்தான் என்று ஐந்தாறு பேர் வாதாடினார்கள். பக்கத்து ஊர் றவூப் நானா தன்னுடைய டிரக்டரைக் கொண்டுவந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது மன்னாரிலிருந்து வெளியேறி வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பம் அவருடையது. எங்கள் ஊர் நல்லது கெட்டதற்கு அழைக்காமலே வருபவர். டீசல் காசுகூட வாங்காமல் பொழுதுபடும் வரை ஏறி ஏறி மிதித்து அந்த வீதியை மட்டமாக்கித் தந்தார். வெள்ளை வெளேரென்று வீதி கிடந்ததைப் பார்த்து, “கொழும்பிலயும் இப்புடி ஒரு ரோட்டு இல்ல” என்றார். நாங்களும் அதை நம்பினோம்.

தை பிறந்து வெயில் ஏறியதும் வீதி தன் குணத்தைக் காட்டியது. ஒரு முச்சக்கரவண்டி போனால், போனது யாருடைய வண்டி என்று தூசு அடங்கிய பிறகுதான் தெரியும். றவூப் நானாவின் கறுத்தத் தாடி எங்கள் வீதிக்கு வரும்போது நரைத்து, வீட்டுக்குப் போய்க் கழுவியதும் திரும்பவும் இளமையாகிறது. கருவாடு காயப்போடும் பெண்கள் பாயை இரண்டு தரம் இடம் மாற்றிவிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். அது நிஜமாகவே பூதம் என்று அதுவரை தெரியாது.

5. தெரிய வந்தது இவ்வாறு. சிரமதானத்தின் பின் என் கணவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பனங்கட்டியும் கொத்தமல்லியும் கொடுத்துப் பார்த்தோம். அவருக்குப் பதிலாகச் சதீஸ் தம்பியை அம்பா பாட விட்டார்கள். சதீஸ் நல்ல பிள்ளை, நல்ல குரல். ஆனால் சினிமாப் பாட்டுப் பழக்கம். இரண்டு அடி பாடிவிட்டு, இடையில் இசை வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார். கயிற்றைப் பிடித்திருந்தவர்களும் நிறுத்தினார்கள். மீன் நிறுத்தவில்லை. அன்று வலையில் வந்ததைச் சம்மாட்டியார் ஒரு கையால் தூக்கிக் காட்டிவிட்டு, கேதீஸ்வரனை உடனே வைத்தியரிடம் கொண்டு போகும்படி எனக்கு உத்தரவிட்டார்.

சிலாபத்தில் நெஞ்சு நோய் பார்க்கும் வைத்திய அம்மா ஒருவரிடம் போனோம். என்ன தொழில் என்று கேட்டார். பாட்டு என்றார் இவர். எந்த மேடையில் என்று கேட்டார். கடற்கரையில் என்றார். வைத்திய அம்மா என்னைப் பார்த்தார். நான் விளக்குவதற்கு முன், இவர் அடைத்த தொண்டையோடு ஓர் அடி பாடியே காட்டினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். பிறகு, கடைசியாக எப்போது உரத்துப் பாடினீர்கள் என்று கேட்கவே, சீற் நொறுக்கிய கதையை இவர் பெருமையோடு சொன்னார். வைத்திய அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

அவர் எங்களுக்கு விளங்கும்படி சொன்னதை அப்படியே தருகிறேன். தொண்டை அடைத்தது கத்தியதால்; அது மாறிவிடும். ஆனால் அஸ்பெஸ்டஸுக்குள் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கின்றன. தகடு முழுதாகக் கூரையில் இருக்கும்வரை அவை பெரும்பாலும் அடங்கியிருக்கும். உடைத்து நொறுக்கினால் காற்றில் எழும்பி, மூச்சோடு நெஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். எந்த இருமல் பாணியும் அவற்றை வெளியே கொண்டுவராது. சுவாசித்த எல்லோருக்கும் நோய் வரும் என்றில்லை. ஆனால் எவ்வளவு அதிகமாகச் சுவாசிக்கிறோமோ, அவ்வளவு ஆபத்து. வந்தால் நுரையீரல் இறுகிப் போகலாம், புற்றுநோயாகவும் வரலாம். அது வெளியே தெரிவதற்கு இருபது, முப்பது வருடங்கள், அதற்கு மேலும் செல்லும். இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், இனித் தூசு எழும்பாமல் பார்ப்பது.

என் கணவர் பெரிதாகப் பயப்படவில்லை. “முப்பது வருசமா? அப்ப எனக்கு எழுவது தாண்டிப் போகும். அது என்னைத் தேடி வரும்போது நான் எங்க இருப்பனோ” என்றார். வைத்திய அம்மாவும் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது நானும் சிரித்தேன். பத்துளு ஓயாப் பாலம் தாண்டும்வரை எனக்கு அந்தச் சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு வேறொரு கணக்கு மனதில் ஓடியது. அதை 7ஆம் பந்தியில் எழுதியுள்ளேன்.

6. மறுநாளே அலுவலகங்களுக்குப் போகத் தொடங்கினேன். எந்த அலுவலகம் என்று பெயர் குறிப்பிட விரும்பவில்லை. எல்லா இடத்திலும் கதிரை தந்து மரியாதையாகவே கதைத்தார்கள். முதலாவது இடத்தில், வீதி தமக்குரியது, ஆனால் தூசு சுகாதாரத்துக்குரியது என்றார்கள். சுகாதாரம் பார்க்கும் இடத்தில், நோயாளி ஒருவரைக் கொண்டுவந்தால் அறிக்கை எழுதலாம் என்றார்கள். நோயாளிகள் தயாராக இன்னும் முப்பது வருடம் எடுக்கும் என்றேன். அப்போது நான் ஓய்வு பெற்றிருப்பேனே என்று அந்த உத்தியோகத்தர் உண்மையாகவே வருத்தப்பட்டார். சுற்றாடல் பார்க்கும் இடத்தில், குவியலாகக் கிடந்திருந்தால் அது கழிவு, நாங்கள் வந்திருப்போம், பரவி மட்டமாக்கியதும் அது வீதியாகிவிட்டது என்றார்கள். அனர்த்தப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அனர்த்தம் மார்கழியோடு முடிந்துவிட்டது என்றார்கள். அதை எங்கள் தூசிக்கும் யாராவது எழுத்தில் அறிவித்தால் நல்லது.

ஊருக்குள்ளும் எனக்கு நல்ல பெயர் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் சங்கத் தலைவி செல்லாச்சி அக்கா, “தலைக்கு மேல இத்தனை வருசம் இருந்து வராத நோய், காலுக்குக் கீழ வந்தா மட்டும் வருமா?” என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. வைத்திய அம்மா சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவ்வளவு நல்ல வீதியைப் போட்டுவிட்டு இப்போது நஞ்சு என்றால் வெளியூரில் சிரிப்பார்கள் என்பதுதான் முடிவான வாதமாக இருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் சரி, அது மடியில் இருப்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அப்படியே வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அதற்குக் கைதட்டல் கிடைக்கவில்லை.

7. இனி இம்மனுவின் முக்கியமான விடயம். நொறுக்காமல் மிஞ்சிய சீற்றுகள் முன்பள்ளி முற்றத்தில் ஆள் உயரத்துக்குக் குவிக்கப்பட்டிருக்கின்றன. எதிர்வரும் 22ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அவற்றையும் நொறுக்கி, வீதியை முன்பள்ளி வாசல் வரை நீட்டுவதாக ஏற்பாடு. விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று. பிரதம அதிதியாகத் தங்கள் பெயரும், அம்பாப் பாட்டு நிகழ்ச்சிக்கு என் கணவரின் பெயரும் அதில் உள்ளன. முதல் சீற்றைத் தாங்கள் உடைப்பதற்காகச் சுத்தியல் ஒன்றுக்குச் சிவப்பு ரிபன் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குவியலைச் சுற்றித்தான் முன்பள்ளிப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பொறுப்பாசிரியை மார்த்தா ரீச்சர் கயிறு கட்டிப் பார்த்தார். கயிறு கட்டியதும் அது அவர்களுக்கு இன்னும் நல்ல விளையாட்டு இடமாகிவிட்டது. சீற்றுத் துண்டு சுண்ணக்கட்டியைப் போல எழுதும். கெந்தி விளையாடக் கோடு போடுவதும் அதைக் கொண்டுதான். சென்ற வெள்ளிக்கிழமை நான் போனபோது என் மகள் சுலக்ஷனா சுவரில் ஒரு வீடு கீறிக்கொண்டிருந்தாள். கீறிய இடத்தில் தூள் படிந்தால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஊதித் துடைத்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஏன் என்று கேட்டு வழியெல்லாம் அழுதாள். சீற்றில் நோய் இருக்கிறது என்றால் நான்கு வயதுக்கு என்ன விளங்கும்? அன்று இரவே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் ஓடிய கணக்கு இதுதான், ஐயா. முப்பது வருடம் என்றால் என் கணவருக்கு எழுபதைத் தாண்டும், அவர் சிரிக்கலாம். சம்மாட்டியாருக்குத் தொண்ணூறு, அவர் இன்னும் உரத்துச் சிரிக்கலாம். என் மகளுக்கு முப்பத்து நான்கு. எனக்கு இப்போது அந்த வயது.

8. ஆகவே பின்வருவனவற்றைப் பணிவோடும், கொஞ்சம் அவசரத்தோடும் கேட்கிறேன்.

22ஆம் திகதி ஒரு சீற்றும் உடைக்கப்படக் கூடாது என்று தாங்கள் எழுத்தில் உத்தரவிட வேண்டும். வாய்ச்சொல் போதாது, எங்கள் ஊரில் வாய்ச்சொல்லைப் பாட்டாக்கிவிடுவார்கள்.

முன்பள்ளி முற்றத்துக் குவியலைத் தண்ணீர் விட்டு நனைத்து, தடித்த பொலித்தீனால் மூடி, இந்த வேலை தெரிந்தவர்களைக் கொண்டு அகற்ற வேண்டும். அதைக் களப்பிலோ, எலுவன்குளம் பக்கத்துக் காட்டோரத்திலோ கொட்டிவிட்டு அகற்றியாயிற்று என்று எழுதக் கூடாது. அங்கும் மனிதர் இருக்கிறார்கள். அதுவரை முன்பள்ளியைக் கோயில் மடத்தில் நடத்த ஒழுங்கு செய்ய வேண்டும். மடத்துக்கு ஓட்டுக்கூரை. புயலில் அது அசையவில்லை.

போட்ட வீதியைக் கிளறாமல், அதன்மேல் கனமாகக் கிரவல் போட்டு இறுக்கி மூட வேண்டும். சித்திரை கழிந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும். அது கடலிலிருந்து வீசி, அந்த வீதியைக் கூட்டி அள்ளி, நேரே வீடுகளுக்குள் கொண்டுவரும். கிரவல் வரும்வரை தினமும் ஒரு பவுசர் தண்ணீராவது தெளிக்க வேண்டும்.

விழாவை நிறுத்தினால் தங்களை அழைத்துவிட்டு வரவேண்டாம் என்று சொல்வதாகிவிடுமே, அது எங்கள் ஊருக்கு அழகல்ல என்று என் கணவர் கவலைப்படுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே தாங்கள் அன்றைய தினம் கட்டாயம் வரவேண்டும். ரிபனைச் சுத்தியலிலிருந்து அவிழ்த்துப் பவுசரின் குழாயில் கட்டிவிடுகிறோம். தாங்கள் குழாயைத் திறந்து வீதியை நனைக்கலாம். மாலையும் உண்டு, கணவாய்க் கறியோடு சாப்பாடும் உண்டு. நனைந்த வீதியில் தூசு எழும்பாது என்பதால் பாட்டும் உண்டு. இவருக்கு இப்போது தொண்டை திறந்துவிட்டது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டாலும் தந்துவிடுவோம். டெங்கு குறைந்தது உண்மை என்பதால் அதைத் தாங்கள் கேட்க மாட்டீர்கள் என்றே எதிர்பார்க்கிறேன்.

இதற்குமேல் அழகாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை, ஐயா. முப்பத்து நான்கு வயதில் நான் விடியற்காலையில் எழும்பி, மீன் கூடையைத் தலையில் வைத்து ஏலக் கொட்டகை வரை நடந்து, வந்து சமைத்து, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்பள்ளிக்கு ஓடுகிறேன். ஒரு நாளும் மூச்சைப் பற்றி யோசித்ததில்லை. அந்த வயதில் அவளும் அதைப் பற்றி யோசிக்காமல் ஓட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை 22ஆம் திகதிக்கு முன் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
மயூரதி கேதீஸ்வரன்

இடம்: சங்குத்திடல்
திகதி: 2026.03.09